விலை குறைந்த செட்டிங் பவுடரும் ஸ்ப்ரேயும் விலை கூடியதற்கு ஈடாகுமா? டெல்டா புழுக்கத்தில் நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

ஃபேன்சி ஸ்டோரில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மேக்கப் ஃபிக்ஸரும் (மேக்கப் கலையாமல் இருக்கக் கடைசியில் அடிக்கும் ஸ்ப்ரே), ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் விற்கும் வெளிநாட்டு செட்டிங் ஸ்ப்ரேயும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா? பார்லர் வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான். பதில் பொருளுக்குப் பொருள் மாறும், ஊருக்கு ஊர் மாறும், மாதத்துக்கு மாதமும் மாறும். ரீல்ஸில் ஒருவர் ஏசி அறையில் உட்கார்ந்து சொல்லும் முடிவு, மன்னார்குடி மண்டபத்தில் ஓமகுண்டத்துக்கு முன்னால் உட்காரப்போகிற பெண்ணுக்கு உதவாது.

நான் பார்த்தவரை, ஸ்ப்ரேயில் கூடுதல் காசு பெரும்பாலும் நாசிலுக்கு, அதாவது தெளிக்கும் தலைக்குப் போகிறது. ஃபவுண்டேஷன் கலையாமல் இருக்க மேலே போடும் செட்டிங் பவுடரில் அரைப்புக்கும் நிறத்துக்கும் போகிறது. இதை அப்படியே நம்ப வேண்டாம். கீழே உள்ள வரிசையில் செய்து பாருங்கள். வரிசை முக்கியம், நடுவில் ஒன்றைத் தாண்டினால் எது எதனால் ஆனது என்று கடைசியில் சொல்ல முடியாது.

1. எதை எதோடு ஒப்பிடுவது

பவுடரைப் பவுடரோடும், ஸ்ப்ரேயை ஸ்ப்ரேயோடும் மட்டும் ஒப்பிடுங்கள். விலை குறைந்த பவுடரோடு விலை குறைந்த ஸ்ப்ரே ஒரு பக்கம், விலை கூடிய இரண்டும் மறுபக்கம் என்று போடுகிறவர்கள்தான் அதிகம். அப்படிப் போட்டால் ஜெயித்தது பவுடரா ஸ்ப்ரேயா என்று தெரியாது. தேவையில்லாமல் இரண்டையும் வாங்குவீர்கள்.

ஸ்ப்ரேயிலேயே இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, முகத்தில் மெல்லிய படலமாகக் காய்ந்து மேக்கப்பைப் பிடித்து வைப்பது. இன்னொன்று, ஈரம் கொடுத்து பவுடர் மாவு மாதிரி தெரியாமல் தோலோடு சேர்த்து வைப்பது மட்டும். மேக் நிறுவனத்தின் வழக்கமான ஃபிக்ஸ் ப்ளஸ் இரண்டாவது வகை. அதில் தண்ணீரும் கிளிசரினும்தான் பிரதானம். அர்பன் டிகே ஆல் நைட்டர் முதல் வகை. இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி 'ஃபிக்ஸ் ப்ளஸ் நிற்கவில்லை' என்று சொல்வது நியாயமில்லை. அதன் முதல் வேலை நிற்க வைப்பது இல்லை.

2. எடுத்து வைக்க வேண்டியவை

ஒப்பிடப்போகும் இரண்டு பொருள், ஒரே ஃபவுண்டேஷன், ஒரே ப்ரைமர் (ஃபவுண்டேஷனுக்கு அடியில் போடுவது), ஒரே மாதிரி இரண்டு பஃப். பிளாட்டிங் பேப்பர் (எண்ணெயை ஒற்றி எடுக்கும் தாள்) அல்லது வாசனை இல்லாத டிஷ்யூ. ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கவர். பழுப்புக் காகிதக் கவர் ஒன்று, அடர்ந்த நிறத் துணி ஒன்று, ஃபிளாஷ் உள்ள போன், பேனா, நோட்டு. கிராமுக்குக் கீழேயும் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் நல்லது.

பஃப் இரண்டு வேண்டும் என்பதை யாரும் மதிப்பதில்லை. ஒரே பஃபில் இரண்டு பவுடரையும் எடுத்தால் முதல் பவுடர் இரண்டாவதில் கலந்துவிடும். பஃபின் பின்னால் 'வ', 'இ' என்று எழுதி வலது, இடது எனப் பிரித்து வையுங்கள்.

3. லேபிளைப் படியுங்கள்

இந்தப் படியைத் தாண்டுகிறவர்கள்தான் அதிகம். கண்ணாடி முன்னால் இரண்டு மணி நேரம் நின்று தெரிந்துகொள்வதில் பாதியை லேபிளிலேயே தெரிந்துகொள்ளலாம். எழுத்து ஆங்கிலத்தில் பொடியாக இருக்கும். போனில் ஃபோட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மூலப்பொருள்கள் அளவில் அதிகமானதில் தொடங்கிக் குறைவானது வரை வரிசையாக இருக்கும். அதனால் முதல் ஐந்தாறு பெயர்தான் விஷயம். கடைசியில் வரும் வெள்ளரிச் சாறு, கற்றாழை, ரோஜா எல்லாம் பெட்டியின் முன்பக்கப் படத்துக்காக.

ஸ்ப்ரேயில் தேட வேண்டியது படலம் போடும் பாலிமர். பிவிபி, விபி/விஏ கோபாலிமர், அக்ரிலேட்ஸ் கோபாலிமர் என்ற பெயர்களில் ஒன்று பட்டியலின் மேல்பாதியில் இருந்தால் அது பிடித்து வைக்கும் ஸ்ப்ரே. எதுவுமே இல்லாமல் தண்ணீர், கிளிசரின், வாசனை மட்டும் இருந்தால், பாட்டிலில் எவ்வளவு பெரிதாக 'ஃபிக்ஸர்' என்று போட்டிருந்தாலும் அது ஈரம் கொடுக்கும் மிஸ்ட்தான். விலை கூடியதிலும் இப்படி உண்டு.

நம் ஊருக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. பிவிபி காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். காய்ந்த காற்றில் விறைப்பாக நிற்பது, புழுக்கம் கூடினால் லேசாகப் பிசுபிசுக்கும். விபி/விஏ கோபாலிமர் அந்த அளவுக்கு ஈரம் இழுக்காது. அக்ரிலேட்ஸ் வகை தண்ணீருக்கு இன்னும் கொஞ்சம் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். அதனால் தஞ்சாவூரில் சித்திரை மதிய வெயிலில் நன்றாக நின்ற ஸ்ப்ரே, நாகப்பட்டினத்திலோ தரங்கம்பாடியிலோ கடற்காற்றில் ஒட்டிக்கொண்டால் பாட்டில் போலி என்று அர்த்தமில்லை. கிளிசரின் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வரும் ஸ்ப்ரே கடலோர ஊர்களில் இன்னும் தொந்தரவு.

இந்தப் பாலிமர்கள் ஹேர் ஸ்ப்ரேயிலும் உண்டு. 'அப்போ ஹேர் ஸ்ப்ரேயையே அடிச்சா போதும்ல அக்கா?' என்று ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு பெண் கேட்பாள். கூடாது. அது முடிக்காகச் செய்தது. அதில் இருக்கும் ஆல்கஹாலும் வாசனையும் முகத்தோலுக்கும் கண்ணுக்கும் ஏற்றவையல்ல.

பவுடரில் டால்க், மைக்கா, சிலிக்கா, ஸ்டார்ச் என்ற நான்கையும் பாருங்கள். டால்க் வழுவழுப்பு தரும். மைக்கா மினுமினுப்பு தரும். எண்ணெய் வடியும் முகத்தில் அந்த மினுமினுப்பே எண்ணெய் மாதிரி தெரியும். சிலிக்கா எண்ணெயை நன்றாக உறிஞ்சும், ஆனால் அளவு கூடினால் ஃபிளாஷில் வெள்ளையடிக்கும். டைட்டானியம் டையாக்சைடும் அப்படித்தான். சோள மாவு, அரிசி மாவு வகை ஸ்டார்ச் தண்ணீரையும் உறிஞ்சும் என்பதால் வியர்வை பட்ட இடத்தில் திட்டாகிவிட வாய்ப்புண்டு.

கடைசியாக, அசலா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பொருளை இங்கே முறையாக இறக்குமதி செய்து விற்க மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவு வேண்டும். 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி அந்தப் பதிவு எண்ணும் இறக்குமதியாளரின் பெயர், முகவரியும் லேபிளில் இருக்க வேண்டும். இங்கேயே தயாரித்ததில் உற்பத்தி உரிம எண் இருக்கும். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இரண்டிலும் உண்டு. 'துபாயிலிருந்து வந்தது, பாதி விலை' என்று சொல்லி இதில் எதுவுமே இல்லாத பெட்டியைக் கொடுத்தால், அதை வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. நீங்கள் ஒப்பிடுவது விலை கூடிய பொருளையே அல்ல.

4. விலையை மில்லிக்கும் கிராமுக்கும் பிரியுங்கள்

பாட்டில் விலையைப் பார்த்து மலைக்காதீர்கள், மயங்கவும் வேண்டாம். நிக்ஸ் மேட் ஃபினிஷ் (பளபளப்பு இல்லாமல் காயும் ஸ்ப்ரே) 60 மில்லி. ஆல் நைட்டரின் பெரிய பாட்டில் 118 மில்லி. மேபெலின் ஃபிட் மீ லூஸ் பவுடர் 20 கிராம். லாரா மெர்சியர் லூஸ் பவுடர் 29 கிராம். அளவே இவ்வளவு வித்தியாசப்படும்போது எம்ஆர்பியை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தவறான கணக்கு. எடுத்துக்காட்டுக்கு, 60 மில்லி 600 ரூபாய் என்றால் மில்லி 10 ரூபாய். 120 மில்லி 3,000 ரூபாய் என்றால் மில்லி 25 ரூபாய். ஐந்து மடங்காகத் தெரிந்தது இரண்டரை மடங்காகிவிடும்.

ஸ்ப்ரேக்கு இன்னும் ஒரு படி இருக்கிறது. பாட்டிலைத் தராசில் வைத்து எடையைக் குறியுங்கள். 20 தடவை அடித்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். குறைந்ததை 20ஆல் வகுத்தால் ஓர் அழுத்துக்கு எவ்வளவு போகிறது என்று தெரியும். ஓர் அழுத்துக்கு இரட்டிப்பாகக் கொட்டும் நாசில் உள்ள பாட்டில், மில்லிக்கு மலிவாக இருந்தாலும் முகத்துக்கு மலிவாக இருக்காது.

நிக்ஸ், மேபெலின், அர்பன் டிகே மூன்றும் லோரியல் குழுமத்தைச் சேர்ந்தவை. ஒரே குழுமம் என்பதால் உள்ளே இருப்பதும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள், லேபிளைப் பாருங்கள். அதேபோல் பெயர் பெரிது என்பதற்காகவும் தலையாட்ட வேண்டாம்.

5. பேட்ச் டெஸ்ட்

காதுக்குப் பின்னால் அல்லது முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் போட்டு ஒரு நாள் முழுக்க விடுங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் அந்தப் பொருள் ஒப்பீட்டிலேயே இல்லை.

த்ரெடிங், வேக்சிங், பிளீச் செய்த அன்று சோதிக்கக் கூடாது. அந்தத் தோலில் ஆல்கஹால் ஸ்ப்ரே பட்டால் எரியும். எரிச்சலைப் பொருளின் குறையாக எழுதிவிடுவீர்கள். கல்யாணப் பெண்ணுக்கும் இதே விதிதான், இரண்டு நாள் முன்னாலேயே த்ரெடிங்கை முடித்துவிடச் சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் ஸ்ப்ரேயைத் தங்கள் முகத்தில் வைத்துச் சோதிக்க வேண்டாம்.

6. எந்த மாதத்தில், எந்த இடத்தில்

ஆடியில் முகூர்த்தம் இல்லை, கையில் நேரம் இருக்கும். எல்லாரும் அப்போதுதான் புதுப் பொருளைச் சோதிக்க உட்காருவார்கள். ஆனால் ஆடிக் காற்றில் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். எந்தப் பவுடரும் நன்றாகத்தான் நிற்கும். அந்த முடிவை நம்பி அடுத்த வைகாசியில் கத்திரி வெயில் கல்யாணத்துக்குப் பெட்டியைக் கட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். மார்கழியும் அப்படியே: குளிர், பனி, வியர்வை கிடையாது.

எந்தக் காலத்துக் கல்யாணத்துக்கு வாங்குகிறீர்களோ அந்தக் காலத்திலேயே சோதியுங்கள். முடியாவிட்டால், ஃபேனை நிறுத்திவிட்டு சமையலறையில் சோறு வடிக்கிற நேரத்தில் அரை மணி நில்லுங்கள். ஐப்பசி மழை நாள் மண்டபத்துக்கு அது ஓரளவு ஒத்துப்போகும்.

தை மாதக் கல்யாணத்துக்குக் கதை வேறு. விடியற்காலை முகூர்த்தத்தில் வியர்வை குறைவு. மாலை ரிசப்ஷனில் ஏசி போட்டு மேடை விளக்கின் கீழ் மூன்று மணி நேரம் நிற்கும்போது தோல் வறண்டு, மேட் ஸ்ப்ரே போட்ட முகம் வாயோரத்தில் வெடிக்கும். அங்கே எண்ணெய் உறிஞ்சும் திறமைக்கு மார்க் போடக் கூடாது. வாயோரமும் கண்ணடியும் (கண்ணுக்குக் கீழே உள்ள இடம்) எப்படி இருக்கின்றன என்பதற்குத்தான்.

7. முகத்தைத் தயார் செய்தல்

முகம் கழுவித் துடைத்து, மாய்ஸ்சரைசர், பிறகு சன்ஸ்கிரீன். ஒவ்வொன்றும் உள்ளே இறங்க நேரம் கொடுங்கள். விரலை வைத்தால் வழுக்கினால் இன்னும் இறங்கவில்லை. ஈரத்தின் மேல் பவுடர் போட்டால் எந்த விலைப் பவுடரும் திட்டாகும். அது பவுடரின் குற்றமில்லை.

முந்தின நாள் நலங்கு வைத்த முகத்தில் சோதிப்பதானால் (கல்யாண வேலைக்கு அதுதான் சரியான சோதனை) மஞ்சள் எண்ணெய் மூக்கோரத்திலும் முடிக்கோட்டிலும் தங்கியிருக்கும். எண்ணெயையும் மேக்கப்பையும் கரைக்கும் கிளென்சிங் பாம் போட்டு எடுத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். மஞ்சள் தோலில் நிற்பதால் பவுடரின் நிறமும் அன்றைக்கு ஒரு சாயல் மாறித் தெரியும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ப்ரைமர், ஃபவுண்டேஷன் இரண்டும் முகம் முழுக்க ஒரே அளவு. ஸ்பாஞ்ச் ஈரமாக இருந்தால் நன்றாகப் பிழிந்து எடுங்கள். ஒரு கன்னத்தில் அதிகம் போய்விட்டால் அந்தப் பக்கம்தான் முதலில் வழியும்.

8. பவுடர் சோதனை

மூக்கின் நடுக்கோட்டை எல்லையாக வைத்து வலதில் ஒன்று, இடதில் ஒன்று. ஃபவுண்டேஷன் போட்டவுடன், அது காய்ந்து கோடு விழுவதற்கு முன்னால் போடுங்கள். கண்ணடியில் கோடு விழுந்துவிட்டால் முதலில் விரல் நுனியால் ஒற்றிச் சமப்படுத்திவிட்டுத்தான் பவுடர். இல்லாவிட்டால் பவுடர் கோட்டை அப்படியே பிடித்து வைத்துவிடும்.

பவுடரை மூடியில் கொட்டி, பஃபில் எடுத்து, பஃபை மடித்துத் தேய்த்து, புறங்கையில் ஒருமுறை தட்டுங்கள். பிறகு முகத்தில் அழுத்தி அழுத்தி வைக்க வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்தால் கீழே இருக்கும் ஃபவுண்டேஷனும் சேர்ந்து வந்துவிடும். குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி பஃபால் அடிப்பது எல்லாருக்கும் கையோடு வந்த பழக்கம். அதை மாற்ற நாளாகும்.

பவுடரில் விலை வித்தியாசம் இங்கேதான் கண்ணுக்குத் தெரியும். இரண்டு பவுடரிலும் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேயுங்கள். நன்றாக அரைத்தது விரல் ரேகைக்குள் போய்க் காணாமல் போகும். கரகரப்பாக இருப்பது ரேகையின் மேலேயே வெள்ளையாக நிற்கும். கண்ணடியிலும் அதே கதைதான். நெற்றியிலும் தாடையிலும் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

அடுத்தது நிறம். 'டிரான்ஸ்லூசன்ட்' என்று எழுதிய வெள்ளைப் பவுடர் மாநிறத்திலும் கறுத்த நிறத்திலும் பல சமயம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். விலை கூடியதாக இருந்தாலும் இது நடக்கும். மாநிறத்துக்கு மஞ்சள் சாயல் உள்ள பனானா பவுடர், கறுத்த நிறத்துக்குப் பீச் அல்லது தேன் நிறச் சாயல் என்று எடுத்துப் பாருங்கள். வரிசையில் நாலு நிறம் விற்கும் மலிவான பவுடர், ஒரே வெள்ளையில் விற்கும் விலை கூடிய பவுடரை நம் ஊர்த் தோலில் சுலபமாக ஜெயித்துவிடும்.

கண்ணடியில் பவுடரைக் குவித்து 'பேக்கிங்' செய்தால் ஐந்து நிமிஷத்துக்கு மேல் விடாதீர்கள். அங்கே தோல் மெல்லியது; உள்ள ஈரமும் போய்ச் சுருக்கம் தெளிவாகத் தெரியும். பவுடரை ஊதித் தள்ளாதீர்கள், மூக்குக்குள் போகும்.

9. ஸ்ப்ரே சோதனை

இது வேறொரு நாள். அன்றைக்கு முகம் முழுக்க ஒரே பவுடர்.

முகத்தில் அடிப்பதற்கு முன்னால் காகிதத்தில் அடியுங்கள். புது பாட்டிலின் முதல் இரண்டு மூன்று அழுத்து எப்போதும் துப்பும். அதை வெளியே விட்டுவிடுங்கள். பிறகு பழுப்புக் காகிதக் கவரை நிறுத்தி, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான தூரத்திலிருந்து இரண்டு பாட்டிலையும் ஒவ்வொரு தடவை அடித்து உடனே பக்கத்தில் போய்ப் பாருங்கள். நல்ல நாசில் காகிதத்தைச் சீராக லேசாக நனைக்கும், தனித்தனிப் புள்ளி தெரியாது. மட்டமான நாசிலில் நடுவில் பெரிய பெரிய பொட்டாக விழுந்து, ஓரிரண்டு கீழே வழியும். முகத்திலும் அதுதான் நடக்கும்: பொட்டு விழுந்த இடத்தில் பவுடர் கரைந்து, காய்ந்தபின் அம்மைத் தழும்பு மாதிரி வட்ட வட்டமாக நிற்கும்.

மலிவான ஸ்ப்ரே நாசிலில் மட்டும் தோற்று, லேபிளில் பாலிமர் சரியாக இருந்தால் அதை ஒதுக்காதீர்கள். நல்ல மிஸ்ட் வரும் காலி பாட்டிலைக் கழுவி நன்றாகக் காயவைத்து அதில் மாற்றி அடித்துப் பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். பேட்ச் எண்ணையும் தேதியையும் புது பாட்டிலில் எழுதி ஒட்ட மறக்காதீர்கள்.

முகத்துக்கு வரும்போது பிளாஸ்டிக் ஃபைல் கவரை மூக்கின் நடுவில் செங்குத்தாகப் பிடித்து ஒரு பக்கத்தை மறைத்துக்கொண்டு மறுபக்கம் அடியுங்கள். கண்ணையும் வாயையும் மூடி, மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு அழுத்து போதும். காய்ந்தபின் கவரைத் துடைத்துவிட்டு அடுத்த பக்கம்.

புதியவர்கள் கிட்டே கொண்டுபோய் அடிப்பார்கள். பாட்டில் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். தண்ணீர் தாடை வரைக்கும் ஓடும். உடனே பதறி டிஷ்யூவால் ஒற்றுவார்கள். அதோடு பவுடரும் போய்விடும். வழிந்தால் தொடாதீர்கள். ஈர ஸ்பாஞ்சின் நுனியால் ஒருமுறை மட்டும் அழுத்தி விட்டுவிடுங்கள்.

காயும் வரை சிரிக்க வேண்டாம், பேச வேண்டாம். படலம் காயும்போது முகம் அசைந்தால் சிரிப்புக் கோட்டில் மடிப்பு விழுந்து அப்படியே நின்றுவிடும். கல்யாண வீட்டில் பெண்ணைச் சுற்றி அத்தை பெண்களும் தோழிகளும் இருக்கும்போது இது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நிமிஷம் கதவைச் சாத்துங்கள்.

இதில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். ஆல்கஹால் உள்ள ஸ்ப்ரே தீப்பிடிக்கும். மணப்பெண் அறையில் காமாட்சி விளக்கோ ஊதுவத்தியோ எரிந்தால் அணைத்துவிட்டோ வெளியே வைத்துவிட்டோ அடியுங்கள். பட்டுப்புடவை மேல் துளி விழுந்தால் கறை நிற்கும், துண்டு போர்த்துங்கள். நகை போடுவதற்கு முன்னாலேயே கழுத்தை முடித்துவிடுங்கள்.

10. மண்டபத்தில் நடப்பதை வீட்டில் நடத்திப் பாருங்கள்

சும்மா உட்கார்ந்திருந்தால் எல்லாப் பொருளும் பாஸ். மண்டபத்தில் முகத்துக்கு என்னென்ன வரும் என்று யோசித்து அதையெல்லாம் கொடுங்கள்.

பன்னீர்: வாசலில் செம்பிலிருந்து தெளிக்கும் பன்னீர் முகத்தில் விழும். விரல் நுனியால் தண்ணீர் தெளித்து, தொடாமல் காயவிட்டுப் புள்ளி நிற்கிறதா பாருங்கள்.

அட்சதை: பிசுபிசுப்பான ஸ்ப்ரே இங்கே மாட்டும். மஞ்சள் கலந்த அரிசியைக் கன்னத்தின் மேல் உதிர விடுங்கள். நன்றாகக் காய்ந்த படலத்தில் அரிசி வழுக்கிக் கீழே விழும், மஞ்சள் தூளும் தட்டினால் போகும். ஈரம் இழுத்த படலத்தில் மஞ்சள் பொட்டுப் பொட்டாக ஒட்டும். தாலி கட்டும் ஃபோட்டோவில் அது தெரியும். விலைச் சீட்டை விட இந்த ஒரு சோதனை எனக்கு அதிகம் சொல்லும்.

மாலை: அடர்ந்த நிறத் துணியைக் கழுத்திலும் தாடைக்குக் கீழேயும் வைத்து மூன்று முறை உரசி எடுங்கள். துணியில் எவ்வளவு வந்திருக்கிறது என்று இரண்டு பக்கத்தையும் பாருங்கள்.

கண்ணீர்: ஓமப்புகைக்கும் வரும், அப்பா கையைப் பிடித்துக் கொடுக்கும்போதும் வரும். கண்ணோரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, டிஷ்யூவை மடித்து ஒற்றுங்கள். தடம் விழுகிறதா?

11. ஃபோட்டோ

அறையை இருட்டாக்கி, ஐந்தடி தூரத்திலிருந்து ஃபிளாஷ் போட்டு ஒன்று, ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் ஒன்று. பவுடரில் சிலிக்காவோ டைட்டானியமோ அதிகமாக இருந்தால் முதல் படத்தில் கண்ணடி வெள்ளையாக எரியும். கண்ணாடியில் இது தெரியவே தெரியாது, அதனால்தான் தனிப் படி. பியூட்டி மோடை அணைத்துவிட்டு எடுங்கள்; அதைப் போட்டுக்கொண்டு எடுத்தால் எல்லாப் பவுடரும் ஒரே பவுடர்தான்.

12. நேரம் குறித்துப் பாருங்கள்

ஒரு மணி, மூன்று மணி, ஆறு மணி நேரத்தில் நெற்றி, மூக்கோரம், கண்ணடி, மேலுதடு நான்கையும் பாருங்கள். பக்கத்துக்கு ஒரு பிளாட்டிங் பேப்பர் வைத்து ஒற்றி, பேப்பரிலேயே நேரத்தையும் பக்கத்தையும் எழுதி நோட்டில் ஒட்டுங்கள். 'நல்லா இருந்துச்சு' என்று எழுதினால் மறுவாரம் உங்களுக்கே புரியாது. பேப்பரில் ஊறிய எண்ணெய் புரியும்.

நடுவில் டச்சப் செய்யாதீர்கள். ஆறு மணி நேரம் முடிந்தபின் ஒரே ஒரு டச்சப் செய்து அதையும் சோதியுங்கள்: முதலில் எண்ணெயையும் வியர்வையையும் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு கொஞ்சம் பவுடர். வியர்வையின் மேலேயே பவுடர் போட்டால் அப்பளத்துக்கு மாவு தூவிய மாதிரி ஆகிவிடும். சில பவுடர் முதல் போடலில் நன்றாக இருந்து இரண்டாவது போடலில் கெட்டுப்போகும். முகூர்த்தத்திலிருந்து ரிசப்ஷன் வரை இழுக்க வேண்டிய நாளில் இது முக்கியம்.

13. பக்கம் மாற்றி இன்னொரு தடவை

இதைச் செய்யாமல் முடிவு எழுதாதீர்கள். போன் வைக்கும் கன்னம், ஜன்னல் பக்கம், கை ஊன்றும் தாடை எல்லாம் ஒரு பக்கத்தை அதிகம் கெடுக்கும். உங்கள் வலது கை வலது பக்கத்தையும் இடது பக்கத்தையும் ஒரே மாதிரி அழுத்தாது. பக்கம் மாற்றியும் அதே பொருள் ஜெயித்தால்தான் அது ஜெயித்தது. யார் முகத்தில் போடுகிறீர்களோ அவரிடம் எது எந்தப் பக்கம் என்று சொல்லாதீர்கள். 'இந்தப் பக்கம் மூவாயிரம் ரூபாய்' என்று தெரிந்துவிட்டால் அந்தப் பக்கம்தான் அழகாக இருக்கும்.

14. கழுவும்போதும் பாருங்கள்

படலம் போடும் ஸ்ப்ரே வெறும் ஃபேஸ்வாஷில் முழுதாகப் போகாது. கிளென்சிங் பாமோ எண்ணெய் கலந்த ரிமூவரோ போட்டுக் கரைத்து, பிறகு ஃபேஸ்வாஷ். எது இரண்டு தடவையில் போகிறது, எதற்குத் தேய்க்க வேண்டியிருக்கிறது என்று எழுதுங்கள். மறுநாள் காலையில் பரு, வறட்சி, அரிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

15. எதில் காசு போடுவது

சோதனை முடிவு உங்கள் நோட்டில் இருக்கும். அதற்கு மேல் நான் எப்படிப் பிரிப்பேன் என்று மட்டும் சொல்கிறேன். ஒரே ஒரு விலை கூடிய பொருள்தான் வாங்க முடியும் என்றால் கண்ணடிக்கு நன்றாக அரைத்த லூஸ் பவுடர். ஒரு முகத்துக்குச் செலவாவது கொஞ்சம்தான், அதனால் டப்பா நாளாக வரும். நெற்றி, கழுத்து, முதுகு, கை இவற்றுக்கெல்லாம் நிறம் பொருந்தும் மலிவான பவுடர் போதும். கழுத்தில் நகையும் மாலையும் உரசிப் போகப்போகிற இடத்தில் கிராமுக்கு அவ்வளவு காசைக் கொட்ட வேண்டாம்.

ஸ்ப்ரேயில், லேபிளில் பாலிமர் இருக்கும் மலிவானதை நல்ல நாசிலில் மாற்றி வைத்துக்கொண்டால் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து வேலை ஓடிவிடும். நாகை, வேளாங்கண்ணி, காரைக்கால் என்று கடலோரமாகப் போனால் அட்சதைச் சோதனையில் தேறியது எதுவோ அதைத்தான் எடுப்பேன், அது என்ன விலையாக இருந்தாலும். ஈரம் கொடுக்கும் மிஸ்டுக்கு மட்டும் பெரிய விலை கொடுக்க எனக்கு மனசு வராது.

விலை கூடிய ஸ்ப்ரே ஆசையாக இருந்தால் பெரிய பாட்டிலுக்கு முன்னால் 30 மில்லி டிராவல் சைஸ் வாங்குங்கள். மில்லிக்கு விலை கூடத்தான் வரும். ஆனால் அட்சதை ஒட்டினால் நஷ்டம் சின்னது. வாங்கியதை வண்டி டிக்கியிலோ ஜன்னல் வெயிலிலோ வைக்காதீர்கள். மூடியில் திறந்த தேதியை எழுதி, சின்ன டப்பா படத்துக்குள் '12எம்' என்று இருந்தால் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அடுத்தவர் முகத்தில் போடாதீர்கள்.

பெண்ணின் அம்மா, நாத்தனார், கடைசி நேரத்தில் 'எனக்கும் கொஞ்சம் டச் குடும்மா' என்று வரிசையில் நிற்கும் அத்தைமார்களுக்கு விலை கூடிய பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். அவர்களுக்குத் தனியாக ஒரு மலிவான பவுடரும் கழுவி வைத்த நாலைந்து பஃபும் ஒரு பையில் கட்டி வையுங்கள். ஒரு பஃபால் ஒருவருக்கு மேல் தொடாதீர்கள்.